ஓடும் வண்டியின் காமிராவும் சாலைத் தளமும்

நிலத்தில் விளைந்த பொருள் சந்தையை அடையும் வரையில் குடியானவனுடைய வேலை முடிவு பெறுவதில்லை. பெரம்பலூர் ஜில்லாவின் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவையும், அரியலூர் ஜில்லாவின் முந்திரி, கரும்பு, கொள்ளிடக் கரையின் நெல் ஆகியவையும் கிராமச் சாலைகளின் வழியாகவே வெளியேறுகின்றன. சாலை கெட்டால் வாடகை உயரும். வெங்காயம் மூட்டையிலேயே நசுங்கும். வண்டி கவிழ்ந்தால் உயிரும் போகும். ஆகவே சாலையின் தளத்தை அறிவதும் காப்பதும் விவசாயத்தில் ஒரு பகுதியே ஆகும்.

தற்காலத்தில் மோட்டார் வண்டிகளின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு காமிராவைப் பொருத்தி, வண்டி ஓடும்போதே முன்னுள்ள தரையில் எது சாலை, எது சாலையன்று என்று யந்திரமே பிரித்தறியும் முறை வழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஓட்டுபவரை எச்சரிக்கவும், பழுதுபட்ட சாலைகளைக் கணக்கெடுக்கவும் இம்முறை பயன்படுகிறது. இது வேலை செய்யும் விதத்தையும், எவ்விடத்தில் தவறும் என்பதையும், இவ்விரு ஜில்லாக்களின் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதனால் அடையக்கூடிய அநுகூலத்தையும் கீழே காணலாம்.

படம் என்பது யாது?

காமிரா எடுக்கும் படம் யந்திரத்துக்கு ஓர் எண் அட்டவணையே அன்றி வேறல்ல. பாய் முடைந்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிகள் அமைந்திருக்கின்றன. ஒரு வரிசைக்கு 1920 புள்ளிகள் வீதம் 1080 வரிசைகள் கொண்ட படத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வர்ணங்களின் அளவு 0 முதல் 255 வரையுள்ள எண்ணாகக் குறிக்கப்படுகிறது. ஒரு விநாடியில் இத்தகைய படங்கள் சுமார் 30 எடுக்கப்படுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுவதால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் கடந்துவிடுகிறது.

தார்ச் சாலை, புழுதி, புல், மரம், மாடு, மனிதன் யாவும் யந்திரத்துக்கு எண்களாகவே தோன்றும். இவ்வெண்களுள் சாலைக்கு உரியவை எவை என்று பிரிப்பதே கேள்வி.

தூரமும் புள்ளியும்

இரு கரைகளும் ஒரே அகலத்தில் செல்லும் சாலை, கண்ணுக்குத் தொலைவில் குறுகித் தொடுவானத்தில் ஒன்று சேர்வதுபோலத் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். படத்திலும் அவ்வாறே. இதனால் அருகிலுள்ள தரைக்குப் புள்ளிகள் ஏராளமாகவும், தூரத்துத் தரைக்கு மிகச் சொற்பமாகவும் கிடைக்கின்றன.

காமிரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், அதன் பார்வை ஒரு செங்கோணத்துக்குச் சற்றுக் குறைவாக விரிகிறது என்றும் வைத்துக் கணக்கிட்டால், 10 மீட்டர் தூரத்திலுள்ள தரை தொடுவானக் கோட்டுக்கு 130 வரிசைகள் கீழே விழும். 50 மீட்டரில் உள்ளது 26 வரிசைகள் கீழே விழும். 100 மீட்டரில் உள்ளது 13 வரிசைகள் மட்டுமே கீழே விழும். அரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழி 10 மீட்டர் தூரத்தில் சுமார் ஆறு வரிசைகளை அடைத்துக்கொள்ளும். அதே குழி 50 மீட்டர் தூரத்தில் ஒரு வரிசையில் சுமார் கால் பங்கே இருக்கும்.

இதன் பயன் கவனிக்கத்தக்கது. சாலை எங்கே செல்கிறது என்பதைக் காமிரா தொலைவிலிருந்தே அறியலாம். குழி எங்கே இருக்கிறது என்பதை மிக அருகில் வந்த பின்பே அறியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க 0.6 விநாடியே ஆகும். அதற்குள் வண்டியை நிறுத்துதல் இயலாது. ஆகையால் காமிரா இருக்கிறதென்று குழி மலிந்த சாலையில் வேகமாகச் செல்லலாகாது. குழிகளைப் பதிவு செய்து பின்னர் செப்பனிடுவதற்கே காமிரா மிகவும் ஏற்றது.

நிறத்தைக் கொண்டு அறியும் முறை

சாலையை அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வண்டிக்கு நேர் முன்னால் சில மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் தரை பெரும்பாலும் சாலையாகவே இருக்கும். அச்சிறு பகுதியின் நிறத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு, படத்தின் மற்றப் பகுதிகளில் அந்நிறத்தை ஒத்த புள்ளிகளையெல்லாம் சாலை என்று கொள்ளலாம். நெல் வாங்குபவர் மூட்டையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து முழு மூட்டையையும் மதிப்பிடுவதற்கு இது ஒப்பாகும்.

இம்முறை 2005-ஆம் வருஷத்தில் பெரும் சோதனைக்கு உட்பட்டது. அமெரிக்காவின் மொஹாவிப் பாலைவனத்தில் ஆளில்லாத வண்டிகளுக்கு ஒரு பந்தயம் நடைபெற்றது. அதற்கு முந்தின வருஷம் நடந்த முதற் பந்தயத்தில் ஒரு வண்டியும் முடிவை எட்டவில்லை. மிக முன்னேறிய வண்டியும் சுமார் 12 கிலோமீட்டருடன் நின்றுவிட்டது. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையாரின் 'ஸ்டான்லி' என்னும் வண்டி ஏறக்குறைய 212 கிலோமீட்டர் தூரத்தை 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் ஓடி முதலில் வந்தது. லேசர் ஒளியால் தரையின் மேடு பள்ளத்தை அளக்கும் கருவிகள் அதன் கூரைமேல் இருந்தன. அவை சுமார் 22 மீட்டர் வரையிலேயே நம்பத்தக்கனவாய் இருந்தன. ஆகவே அத்தூரத்துக்குள் சமதளம் என்று லேசர் காட்டிய தரையின் நிறத்தைக் காமிரா கற்றுக்கொண்டு, அதற்கு அப்பாலும் அதே நிறம் தொடர்கிறதா என்று பார்த்தது. தரையின் நிறம் மாறமாறக் காமிராவின் மாதிரியும் மாறிக்கொண்டே வந்தது.

எனினும் நிறத்தை மட்டும் நம்புவதில் குறைகள் உண்டு. புளிய மரங்களின் நிழல் விழும் சாலையில் வெயில் பட்ட இடமும் நிழலிடமும் வேறு வேறு தரைகள்போலத் தோன்றும். ஒவ்வொரு வர்ணத்தின் அளவையும் மொத்த வெளிச்சத்தால் வகுத்து விகிதத்தை மட்டும் பார்த்தால் இக்குறை பெரிதும் தணியும், முற்றும் நீங்காது. ஏனெனில் நிழலிடத்துக்கு ஒளி தருவது வானமாதலால் அங்கு நீலம் சற்று மிகும். மழை பெய்த தார்ச் சாலை வானத்தைப் பிரதிபலித்து வெண்மையாகவும் தோன்றும்.

பார்த்துப் பழகும் முறை

மற்றொரு முறை, யந்திரத்துக்குப் பல உதாரணங்களைக் காட்டிப் பழக்குவது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் 1989-ஆம் வருஷ அளவில் செய்யப்பட்ட 'ஆல்வின்' என்னும் அமைப்பு, 960 புள்ளிகளே கொண்ட சிறு படத்தைப் பார்த்து, மனிதன் ஓட்டும் விதத்தைக் கவனித்துத் திருப்பு சக்கரத்தைத் திருப்பக் கற்றது. இக்காலத்தில் படத்தின் ஒவ்வொரு பகுதியையும் மனிதர்கள் கையால் எல்லை வரைந்து, 'இது சாலை, இது நடைபாதை, இது வண்டி' என்று பெயரிட்டுத் தருகின்றனர். அத்தகைய ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்த யந்திரம் புதிய படத்திலும் அவ்வாறே பிரிக்கப் பழகுகிறது. நிறத்துடன், சாலையின் வடிவம், அதன் இருபுறமும் இருப்பவை, மேற்பரப்பின் நயம் அல்லது சொரசொரப்பு ஆகிய யாவும் அப்பழக்கத்தில் சேர்ந்துகொள்கின்றன.

கற்றது எந்த ஊரிலோ, யந்திரத்தின் அறிவும் அந்த ஊரைச் சார்ந்ததே. 2016-ஆம் வருஷத்தில் வெளியான புகழ்பெற்ற படத்தொகுதி ஒன்று ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் உள்ள 50 நகரங்களில் எடுக்கப்பட்டது. அங்கே சாலைக்கு ஓரக்கல் உண்டு. வெள்ளைக் கோடு உண்டு. சாலை முடியும் இடம் திட்டமாகத் தெரியும். நமது கிராமங்களிலோ தார் முடிந்த இடத்தில் புழுதி தொடங்குகிறது. எதிரே பஸ் வந்தால் வண்டி அப்புழுதியில் இறங்கியே தீரவேண்டும்.

இவ்வேற்றுமையைக் கருதி, ஹைதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தாரும் இன்டெல் கம்பெனியாரும் சேர்ந்து 2018-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு படத்தொகுதியை வெளியிட்டனர். ஹைதராபாத், பெங்களூர் நகரங்களிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும் 182 முறை வண்டியோட்டி எடுத்த படங்களுள் 10,004 படங்கள் 34 பிரிவுகளாக எல்லையிடப்பட்டன. ஆட்டோ ரிக்ஷாவுக்கும் கால்நடைகளுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. எல்லாவற்றினும் முக்கியமானது, 'சாலையன்று; ஆயினும் வண்டி இறங்கிச் செல்லலாம்' என்னும் பொருளில் சாலையோர மண் தரைக்கு ஒரு தனிப் பிரிவு வகுத்ததாகும். வண்டி செல்லக்கூடாத தரைக்கு வேறு பிரிவு கொடுக்கப்பட்டது. நமது வண்டிக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இவ்வேறுபாட்டை யந்திரத்துக்குத் தனியே கற்பிக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு ஜில்லாக்களின் மண்

பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டைப் பக்கங்களில் கரிசல் நிலம் மிகுதி. மழைக்காலத்தில் நனைந்த கரிசலும் பழைய தாரும் காமிராவுக்கு ஏறக்குறைய ஒரே நிறமாகத் தோன்றும். தாரில் சக்கரம் பற்றும்; கரிசற் சேற்றில் வழுக்கும் அல்லது புதையும். ஆகவே இங்கு நிறம் துணை செய்யாது. தளத்தின் நயத்தையும் ஓரக் கோட்டையும் கொண்டே பிரிக்கவேண்டும்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களின் செம்மண் நிலத்தில் தாரும் மண்ணும் நிறத்தால் எளிதில் வேறுபடும். ஆனால் முந்திரித் தோப்புகளுக்குச் செல்லும் வண்டிப் பாட்டைகளில் சாலையும் செம்மண்ணே, ஓரமும் செம்மண்ணே. அங்கே சக்கரத் தடங்கள் இரண்டும், நடுவிலுள்ள புல்லுமே சாலைக்கு அடையாளம்.

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருப்பதால், லாரிகளிலிருந்து சிந்தும் தூள் தாரின்மேல் படிந்து அதை வெளிறச் செய்கிறது. மழைத் தூறலில் அத்தூள் வழுவழுப்பான குழம்பாகும். சுமை ஏற்றிய லாரிகள் ஓயாமல் செல்வதால் தளம் விரைவில் தேய்வதும் உண்டு.

நீர் தேங்கிய குழியின் ஆழத்தை ஒரு காமிராவால் அறிய முடியாது. மேலுள்ள நீரின் பரப்பு மட்டுமே அதற்குத் தெரியும். இவ்விஷயத்தில் யந்திரத்துக்கும் மனிதனுக்கும் வேற்றுமை இல்லை. நீரின் அடியில் குழி உண்டென்று எண்ணி மெதுவாகச் செல்வதே உசிதம்.

சாலையில் உலர்த்தும் தானியம்

அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தைத் தார்ச் சாலையின் பாதி அகலத்தில் பரப்பி உலர்த்துவதும், சுற்றிலும் கற்களை அடுக்குவதும் இப்பகுதியில் வழக்கமாக உள்ளன. இது காமிராவுக்கு ஏற்படுத்தும் சங்கடத்தை ஆராய்ந்தால் வழக்கத்தின் அபாயம் நன்கு விளங்கும்.

மஞ்சள் நிறமாகப் பரந்துள்ள சோளத்தைச் சாலையன்று என்று யந்திரம் கொள்ளுமாயின், வண்டியை எதிர்ப்பக்கத்துக்கு விலக்கச் சொல்லும். அங்கே எதிர்வண்டி வரக்கூடும். சாலையே என்று கொள்ளுமாயின், வேகம் குறையாமல் அதன்மேல் செல்ல விடும். மணிகள் சக்கரத்தின் அடியில் உருண்டு பிடிப்பைக் கெடுக்கும். மனித ஓட்டுநரின் நிலையும் இதுவே. எந்த முடிவு செய்தாலும் ஆபத்து நீங்காத ஓர் இடத்தைச் சாலையின் நடுவில் உண்டாக்குவது நியாயமாகாது.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காய்ந்த தார்ச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் போட்ட பிறகு நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டும். ஓட்டுபவர் கண்டு உணர ஒரு விநாடி ஆனால் அதற்கு 17 மீட்டர். ஆக 37 மீட்டர். சிதறிய மணிகளால் சக்கரத்தின் பிடிப்பு பாதியாகுமானால், நிற்கும் தூரம் 40 மீட்டராக உயர்ந்து, மொத்தம் 57 மீட்டராகும். இரு சக்கர வண்டிக்கோ தூரத்தைவிடச் சாய்ந்து விழுவதே பெரிய அபாயம். இரவில் விளக்கில்லாமல் அடுக்கிய கற்களை முகப்பு விளக்கின் ஒளி எட்டும் வரையில் காமிராவும் காணாது, கண்ணும் காணாது. அக்கற்களில் மோதுபவர் பெரும்பாலும் அதே ஊரின் சைக்கிள்காரரோ, மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரோ ஆவார்.

தானியத்துக்கும் இதனால் நஷ்டமே. சக்கரம் ஏறி உடைந்த மணியில் பூச்சியும் பூஞ்சாணமும் எளிதில் பற்றும். மண்ணும் கல்லும் கலந்த சரக்குக்கு விலை குறையும். மக்காச்சோளத்தைச் சேமிக்க ஈரம் 12 சதவிகித அளவுக்கு இறங்கவேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் பல ஊராட்சிகளிலும் உலர்களங்கள் உள்ளன. களம் அருகில் இல்லாதவர்கள் தங்கள் நிலத்திலேயே மேடான இடத்தில் தார்ப்பாய் விரித்து, மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, மாலையில் குவித்து மூடி வைக்கலாம். களம் இல்லாத கிராமத்தார் ஒன்றுசேர்ந்து கிராம சபையில் அதைக் கோருவது நலம்.

கிராமச் சாலையைப் படமெடுக்கும் விதம்

சாலையைச் செப்பனிடக் கோரும் மனுவில் 'சாலை மிகவும் மோசமாக உள்ளது' என்று மட்டும் எழுதுவதால் பயன் குறைவு. எந்த இடத்தில், எவ்வகைப் பழுது, எத்தனை மீட்டர் நீளம் என்று படத்துடன் காட்டினால் மதிப்பீடு செய்வது எளிதாகும். ஜப்பான் தேசத்தில் காரின் முன்பலகையில் கைபேசியை வைத்தே சாலைப் பழுதுகளைப் படமெடுத்து, 9,053 படங்கள் கொண்ட தொகுதியை 2018-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். பின்னர் இந்தியா உட்பட ஆறு தேசங்களின் படங்கள் சேர்ந்து 2022-ஆம் வருஷத் தொகுதியில் 47,420 படங்கள் ஆயின. விலை உயர்ந்த கருவி இல்லாமலே இவ்வேலையைச் செய்யலாம் என்பதற்கு இது சான்றாகும். கிராம உத்தியோகஸ்தர்கள் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. கைபேசியை வண்டியின் முன் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் பொருத்துக. தொடுவானம் படத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பாகத்தில் அமையட்டும். கண்ணாடியை முதலில் துடைத்துக்கொள்க.

2. காலை 8 முதல் 10 மணிக்குள்ளோ, மாலை 3 முதல் 5 மணிக்குள்ளோ, சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு செல்க. உச்சி வெயிலில் விரிசல்களின் நிழல் தெரியாது.

3. மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். ஓட்டுபவர் வேறு, படத்தைக் கவனிப்பவர் வேறாக இருத்தல் அவசியம்.

4. இடத்தைக் குறிக்கும் வசதியைக் கைபேசியில் இயக்கி வைக்க. கிலோமீட்டர் கற்களையும் படத்தில் விழச் செய்க.

5. மழைக்காலம் முடிந்தவுடன் ஒரு முறையும், கோடையில் ஒரு முறையும் எடுக்க. இரண்டையும் ஒப்பிட்டால் பழுது வளரும் இடம் தெரியும்.

6. சாலை ஊராட்சியைச் சேர்ந்ததா, ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா, நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்ததா என்று முதலில் அறிந்து, உரிய இடத்துக்கே அனுப்புக.

மேற்கண்ட 2022-ஆம் வருஷத் தொகுதியில் பழுதுகள் நான்கு வகையாகக் கொள்ளப்பட்டன. சாலையின் நீளவாட்டு விரிசல், குறுக்குவாட்டு விரிசல், முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாகப் பிளந்த விரிசல், குழி என்பன அவை. நீளவாட்டு விரிசல் ஓரத்தில் காணப்பட்டால் ஓரம் வலுவிழந்தது என்று கொள்ளலாம். கரிசல் நிலம் நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்குவதால் இது இப்பக்கத்தில் சாதாரணம். குறுக்கு விரிசல் தார் பழகி இறுகுவதால் வரும். முதலைத்தோல் விரிசல் அடித்தளத்தில் நீர் இறங்கியதையோ, தாங்கும் அளவுக்கு மேற்பட்ட சுமை சென்றதையோ காட்டும். அதைக் கவனியாமல் விட்டால் அடுத்த மழையில் குழியாகும். ஆகவே குழி விழுந்த பின் மனுச் செய்வதைவிட, முதலைத்தோல் விரிசல் கண்டவுடன் மனுச் செய்வது செலவு குறைந்த வழியாகும்.

நிலச்சுவான்தார்கள் கவனிக்கவேண்டியவை

சாலைக்கு நீரே பெரும் சத்துரு. அந்நீரில் ஒரு பகுதி பக்கத்து வயல்களிலிருந்தே வருகிறது. வயலின் மிகுநீரைச் சாலையின் மேல் வடியவிடலாகாது. சாலையோர வாய்க்காலை மண் போட்டு அடைத்து வழி செய்துகொள்பவர்கள், அடியில் குழாய் வைத்து நீர் செல்ல இடமளிக்கவேண்டும். ஏரும் டிராக்டரும் சாலையோர மண்ணை உழுது சுருக்கிவிடுவதால், தாரின் ஓரம் பிடிமானமின்றி உடைகிறது. பாசனக் குழாய் பதிக்கச் சாலையை வெட்டுபவர்கள் முன்னதாக அநுமதி பெற்று, வெட்டிய இடத்தை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி மூடவேண்டும். இல்லையேல் அவ்விடமே முதற் குழியாகும். கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டரைத் தார்மேல் ஓட்டுவதும் தளத்தைக் கீறிவிடும்.

காமிரா இவை யாவற்றையும் உள்ளது உள்ளபடி பதியும். உடைந்த ஓரத்தை உழுதவர் இன்னார் என்று அது சொல்லாது; ஆயினும் பக்கத்து வயலின் சாலும் அதே படத்தில் விழும். சாலையோரம் இரு புறமும் ஒழுங்காக இருந்தால், தார் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கும் யந்திரத்துக்கும் தெளிவாகத் தெரியும். எதிர்வண்டிக்கு ஒதுங்கி இறங்கவும் இடம் இருக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொருவரும் தம் வயலை ஒட்டிய வாய்க்காலைத் தூர் எடுத்து, சாலையோரத்தை விட்டுவைத்து உழுது, தானியத்தைக் களத்தில் உலர்த்திவருவாராயின், சாலையும் நீடித்திருக்கும். அவ்வழியே செல்லும் விளைபொருளும் ஆட்களும் சேதமின்றி ஊர் சேர்வர்.